காரசாரமான சாப்பாட்டுக்கு எங்கே போவது: ஆந்திராவா, செட்டிநாடா, கொங்கா, மதுரையா?

குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போவது என்று முடிவாகி, "இன்றைக்குக் காரசாரமாக ஏதாவது சாப்பிடலாம்" என்று ஒருவர் சொன்னதும் எழுகிற விவாதம் பெரும்பாலும் எந்த ஊர்ச் சமையலில் காரம் அதிகம் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. சென்னை போன்ற நகரத்தில் ஒரே சாலையில் ஆந்திரா மெஸ், செட்டிநாடு உணவகம், கொங்கு நாட்டுச் சமையல், மதுரைக் கறிக்கடை ஆகிய நான்கும் அடுத்தடுத்து இருக்கும்போது, அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு தேர்வு செய்பவர்கள் பாதிப் பேர் ரசித்தும் மீதிப் பேர் தண்ணீர் குடித்தும் எழுந்து வருவதைப் பார்க்கிறோம். காரத்தின் அளவைவிட, அந்தக் காரம் உணவின் எந்த இடத்தில் சேர்கிறது, சாப்பிடுகிறவர் தன் விருப்பப்படி அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியுமா, அதைத் தணிக்க அதே மேசையில் என்ன கிடைக்கிறது என்பவற்றைப் பார்த்தே உணவகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பார்க்கத் தொடங்கினால், நான்கிலும் மிகக் காரமானது என்று பெயர் வாங்கிய ஆந்திரச் சாப்பாடுதான் பல வயதினர் சேர்ந்து அமரும் மதிய உணவுக்குப் பாதுகாப்பானது என்ற, முதற்பார்வைக்கு வியப்பூட்டும் முடிவுக்கு வந்து சேர்கிறோம்.

அதற்கு முன், காரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்பது நல்லது. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணர்வதற்காக நம் நாக்கில் அமைந்துள்ள ஏற்பிகளைத் தூண்டுகிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செயல்படத் தொடங்கும் அதே ஏற்பி மிளகாய் பட்டாலும் செயல்படுவதால்தான், உணவு ஆறிப்போயிருந்தாலும் வாய் எரிகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படாபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே எரியும் வாய்க்குத் தண்ணீர் உதவுவதில்லை. நெய்யும், பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்ற புரதமும்தான் உதவுகின்றன. மிளகில் இருப்பது பைப்பரின். அது அதே ஏற்பியைச் சற்று மெல்லவே தூண்டுவதால், மிளகின் காரம் தொண்டையில் சுருக்கென்று ஏறி விரைவில் அடங்குகிறது. மிளகாயின் காரமோ உதட்டிலும் நாக்கிலும் தங்கி, அடுத்தடுத்த கவளத்தில் கூடிக்கொண்டே போகிறது. மிளகை ஆளும் சமையலுக்கும் மிளகாயை ஆளும் சமையலுக்கும் இடையே தேர்வு செய்கிறவர் இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தாலே பாதி முடிவு எளிதாகிவிடும்.

இனி ஆந்திராவுக்கு வருவோம். ஆந்திரச் சமையலைச் சென்னைக்கு வந்து குடியேறிய அயலூர்ச் சமையல் என்று நினைப்பது சரியாகாது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் தனியாகப் பிரியும் வரை இரு மொழியினருக்கும் சென்னையே தலைநகராக இருந்தது. வேலைக்கும் படிப்புக்கும் வந்த தெலுங்கர்களுக்கு வீட்டுச் சாப்பாடு போடும் மெஸ்கள் நகரில் வேரூன்றியதில் வியப்பில்லை. மெஸ் சாப்பாடு இன்றும் அந்த வீட்டு வரிசையை விடாமல் காப்பாற்றுகிறது. இலை போட்டவுடன் அதன் ஓரத்தில் பருப்புப் பொடியும், புளிச்சக்கீரையில் செய்த கோங்குரா பச்சடியும், ஆவக்காய் ஊறுகாயும் வைக்கப்படுகின்றன. சூடான சோறு வந்ததும் முதல் கவளம் பொடியும் நெய்யும் பிசைந்து உண்பது. அடுத்து கீரையோ மாங்காயோ சேர்த்து வேகவைத்த துவரம் பருப்பாகிய பப்பு. பிறகு புளிக்குழம்பாகிய புலுசு அல்லது சாம்பார். பிறகு சாறு என்று அவர்கள் சொல்லும் ரசம். முடிவில் கட்டித் தயிர். சோறும் குழம்பும் கேட்கக் கேட்க வரும். கோழி வேப்புடு (வறுவல்), இறால் இகுரு (கெட்டியான மசாலாக் குழம்பு), மீன் புலுசு போன்றவை தனியாகக் கேட்டு வாங்க வேண்டியவை.

இந்த வரிசையில் காரம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். குண்டூர் மிளகாயின் முழு வீரியமும் பொடியிலும் பச்சடியிலும் ஊறுகாயிலும் இருக்கிறது. அந்த மூன்றும் இலையின் ஓரத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. பப்பு, சாறு, தயிர் மூன்றும் மிதமானவை. எனவே மிளகாய் பொறுக்காத பாட்டிக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் பப்புச் சோறு, நெய், அப்பளம், தயிர் என்று முழு வயிற்றுச் சாப்பாடு அமைந்துவிடுகிறது. காரம் வேண்டுமென்று வந்தவர் அதே பந்தியில் அதே விலைக்குக் கோங்குராவைச் சோறு முழுக்கப் பிசைந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தன் காரத்தைத் தன் விரலாலேயே அளந்துகொள்ளும் வசதி மற்ற மூன்று சமையல்களிலும் இந்த அளவுக்கு இல்லை. தொடக்கத்திலேயே நெய்யும் இறுதியில் தயிரும் வருவது வெறும் வழக்கமாகத் தோன்றினாலும், கேப்சைசினைக் கரைக்கும் கொழுப்பும் அதைப் பற்றி இழுக்கும் புரதமும் மிகச் சரியான இடங்களில் வந்து நிற்கின்றன. தலைமுறைகளாக மிளகாய் தின்று பழகிய ஒரு மக்கள் கூட்டம் தன் அனுபவத்தால் கண்டடைந்த ஒழுங்கு இது என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஆந்திர மெஸ்ஸின் அடிப்படைச் சாப்பாடு சைவம். அசைவம் அதன்மேல் கூடுதலாக வருவது. குழுவில் இருவர் சைவம், ஒருவர் சனிக்கிழமை மட்டும் சைவம் என்ற நிலை நம் குடும்பங்களில் மிகச் சாதாரணமானது. அசைவ உணவகம் ஒன்றில் சைவக்காரருக்கு ஒரு காய்கறிக் குருமாவும் தோசையும் என்று ஒதுக்கித் தருவதை மரியாதையான விருந்தோம்பல் என்று என்னால் ஏற்க முடிவதில்லை. ஆந்திர மெஸ்ஸில் அவர் யாருக்கும் குறையாமல் சாப்பிட்டு எழுகிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆந்திரா என்ற ஒரே பலகையின் கீழ் உண்மையில் மூன்று வேறு சமையல்கள் நடக்கின்றன. மேலே சொன்னது கடலோர ஆந்திரத்தின் சாப்பாடு. கர்னூல், அனந்தபூர், கடப்பா, சித்தூர் அடங்கிய ராயலசீமைச் சமையலில் ராகிக் களியாகிய சங்கடியும் நாட்டுக்கோழிப் புலுசும் முதன்மை பெறுகின்றன. அங்கே காரம் குழம்புக்குள்ளேயே இருக்கிறது, மிளகாய் விழுதைத் தோசைமேல் தடவித் தரும் காரம் தோசையும் உண்டு. ராயலசீமை என்று பெயர் வைத்த உணவகத்துக்குப் போகும்போது, இலையோரத்தில் காரத்தை ஒதுக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு போகக்கூடாது. மூன்றாவது, ஐதராபாத் பிரியாணியை முன்னிறுத்துபவை. அவை வேறொரு மரபைச் சேர்ந்தவை, இந்த ஒப்பீட்டில் அவற்றுக்கு இடமில்லை. அடுத்து, ஆந்திரக் காரத்தோடு எப்போதும் புளிப்பும் சேர்ந்தே வருகிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மிளகாயைவிட மிளகாயும் புளியும் சேர்ந்த கூட்டுத்தான் அதிகத் தொல்லை தரும். கோங்குரா என்பது நம் புளிச்சக்கீரைதான். அதில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி என்பதால், சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதைத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஊறுகாயிலும் பொடியிலும் உள்ள உப்பும் கணக்கில் வரும்.

செட்டிநாடு இதற்கு நேர் எதிரான அமைப்பு உடையது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள வறண்ட நிலப்பகுதி அது. அங்கிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் வணிகம் செய்யச் சென்ற நகரத்தார், வீடு கட்டத் தேக்கையும் சமையலுக்கு வாசனைப் பொருள்களையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். பட்டை, கிராம்பு, சோம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி ஆகியவற்றோடு மிளகும் வற்றல் மிளகாயும் சேர்த்து வறுத்து, அன்றன்றைக்கு அரைத்து, சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும் வதங்கும் பாத்திரத்தில் சேர்ப்பதுதான் அந்தச் சமையலின் உயிர். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் சாப்பிட்டவர்கள் முதலில் சொல்வது, எதிர்பார்த்த அளவுக்குக் காரமில்லை என்பதே. காரத்தைவிட வாசனைக்கு இடம் கொடுக்கும் சமையல் அது. நாக்கு எரிந்துபோனால் கல்பாசியின் மண்வாசனை கலந்த மணத்தை உணர முடியாது என்பதை அந்த ஊர்ச் சமையல்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

நகரத்து உணவகங்களில் நடப்பது பல இடங்களில் வேறு. செட்டிநாடு என்ற சொல் ஒரு சமையல் மரபைக் குறிப்பதை விட்டுவிட்டு, மிகக் காரமான எதற்கும் ஒட்டப்படும் அடைமொழியாக மாறிவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். கடையில் வாங்கிய கரம் மசாலாப் பொடியும், மிளகாய்த்தூளும், சிவப்பு நிறமியும் சேர்ந்த ஒரு கிரேவி அடுப்பங்கரையில் தயாராக இருக்கும். அதில் கோழியைப் போட்டால் செட்டிநாடு சிக்கன், ஆட்டுக்கறியைப் போட்டால் செட்டிநாடு மட்டன், காளானைப் போட்டால் செட்டிநாடு காளான். இத்தகைய உணவகத்துக்கு எட்டுப் பேரை அழைத்துச் செல்வதுதான் நான்கு தேர்வுகளிலும் மோசமானது. ஏனென்றால் காரம் குழம்போடு இரண்டறக் கலந்திருக்கிறது, அதை யாரும் ஒதுக்க முடியாது, அந்தக் காரத்துக்கு ஈடாக வாசனையும் கிடைப்பதில்லை.

நல்ல செட்டிநாட்டு உணவகத்தை அடையாளம் காணச் சில வழிகள் உண்டு. மிளகுக் கோழி வறுவல் கரும்பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். பளீரென்ற சிவப்பு தெரிந்தால் மசாலா அரைக்கப்படவில்லை என்று கொள்ளலாம். குழம்பின் மேல் எண்ணெய் பிரிந்து நிற்பது இயல்பு, ஆனால் அந்த எண்ணெயில் சோம்பின் மணமும் சின்ன வெங்காயத்தின் மெல்லிய இனிப்பும் தெரிய வேண்டும். உணவுப் பட்டியலில் உப்புக்கறி, நண்டு ரசம், வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி போன்றவற்றில் இரண்டு மூன்றாவது இருந்தால் அந்தச் சமையலறைக்கும் அந்த ஊருக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று நம்பலாம். பரிமாறுபவரிடம் மசாலா இங்கே அரைக்கிறீர்களா என்று ஒரு கேள்வி கேட்பதும் தவறில்லை. அரைக்கிற இடத்தில் அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் வரும்.

அப்படிப்பட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டால், இரண்டு மூன்று பேராகப் போகும்போது செட்டிநாட்டுக்கு இணையாக மற்ற மூன்றையும் நான் சொல்ல மாட்டேன். அது நிதானமாகச் சாப்பிட வேண்டிய உணவு. ஒரு மிளகு வறுவல், ஒரு குழம்பு, இடியாப்பமோ ஆப்பமோ, இறுதியில் ஒரு பால் பணியாரம் என்று குறைவாக வாங்கி, ஒவ்வொன்றின் மசாலாவும் எப்படி வேறுபடுகிறது என்று கவனித்துச் சாப்பிட்டால்தான் அதன் அருமை தெரியும். எட்டுப் பேர் பன்னிரண்டு வகைகளை ஒரே நேரத்தில் வரவழைத்துப் பகிர்ந்துகொண்டால் எல்லா மசாலாவும் தட்டில் ஒன்றாகக் கலந்து, எதுவும் எதுவாகவும் தெரியாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு வகைக்கும் தனி விலை என்பதால் செலவும் எதிர்பார்த்ததைத் தாண்டிவிடும்.

கொங்குச் சமையலை இந்த வரிசையில் பலர் சேர்ப்பதே இல்லை. அது காரமான சமையல் என்ற பெயர் அதற்குக் கிடைக்கவில்லை; ஆனால் பள்ளிபாளையம் சிக்கனைச் சாப்பிட்டவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் மறுகரையில், நாமக்கல் மாவட்டத்தில் உள்ள ஊர் பள்ளிபாளையம். வற்றல் மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் பொரியவிட்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, தேங்காய்ச் சில் ஆகியவற்றோடு கோழியைச் சுருள வதக்குவதுதான் அதன் செய்முறை. மசாலாப் பொடி எதுவும் கிடையாது. காரம் முழுவதும் மிளகாயிலும் எண்ணெயிலும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது, வேண்டாதவர் மிளகாயைப் பொறுக்கி ஒதுக்கிவிடலாம், வேண்டியவர் கடித்துக்கொள்ளலாம். கடிபடும் தேங்காயின் கொழுப்பும் இனிப்பும் காரத்தை அந்தந்தக் கவளத்திலேயே தணித்துவிடுகின்றன. மேலும் இந்த வறுவல் கேட்ட பிறகு செய்யப்படுவது என்பதால், மிளகாயைக் குறைத்துப் போடச் சொன்னால் உண்மையாகவே குறைத்துப் போட முடியும்.

இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன், ஏனென்றால் "காரம் கம்மியாகப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையிலேயே பல குடும்பங்கள் உணவகத்தைத் தேர்வு செய்கின்றன. காலையிலேயே பெரிய பாத்திரத்தில் கூட்டி வைத்த குழம்பிலிருந்து காரத்தை யாராலும் வெளியே எடுக்க முடியாது. அப்போது சமையலறையில் செய்யக்கூடியதெல்லாம் தக்காளியோ தேங்காய்ப்பாலோ கிரீமோ சேர்த்து நீர்க்கச் செய்வதுதான். வருவது வேறொரு உணவு. வறுவல், சுக்கா, வேப்புடு போன்றவை கேட்ட பிறகு வாணலியில் ஏறுபவை என்பதால் அவற்றில் மட்டுமே நம் சொல் எடுபடும். ஆகவே காரம் தாங்காதவர்களுக்காக ஏதாவது சொல்லி வாங்க வேண்டுமென்றால், குழம்பு வகைகளை விட்டு வறுவல் வகைகளைக் கேட்பதே அறிவுடைமை.

கொங்கு உணவகத்தில் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அரிசி பருப்பு சாதம் கிடைக்கும். அரிசியும் துவரம் பருப்பும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகும் அந்தச் சாதத்தில் நெய் ஊற்றிக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்கள். கொள்ளு ரசம், சந்தகை என்று அழைக்கப்படும் சேவை, கறிக்குத் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு என்று எல்லாமே வயிற்றுக்கு இதமானவை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மஞ்சளின் மணம் ஓங்கி நிற்க, மசாலாச் சேர்மானம் குறைவாக இருப்பது இந்தச் சமையலின் இயல்பு. இரவு உணவுக்கு, அதுவும் எட்டு மணிக்கு மேல் முதியோரோடு போகிறவர்களுக்கு, நான்கில் இதுவே சிறந்தது. குறை என்னவென்றால், மிளகாய்க்காகவே ஏங்கி வந்த இளைஞர்கள் ஒரு வறுவலோடு திருப்தி அடைய மாட்டார்கள். குழுவில் அத்தகையவர்கள் அதிகமென்றால் கொங்கு உணவகம் அவர்களுக்குச் சப்பென்று இருக்கும்.

மதுரைக் கடைகளின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே முதலிடம் இறைச்சிக்கு, காரம் அதற்குத் துணை. கறி தோசை, கோலா உருண்டை, மட்டன் சுக்கா, குடல் குழம்பு, ஈரல், மூளை வறுவல், அயிரை மீன் குழம்பு, பரோட்டாவுக்குச் சால்னா என்று பட்டியல் நீளும். இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மதுரையைச் சுற்றிய தென்மாவட்டங்களின் குழம்புகளுக்கு நிறமும் மிதமான காரமும் தருவது இந்த வகை மிளகாய். காரம் வாயைத் தாக்குவதைவிட, எண்ணெயும் கொழுப்பும் மிளகும் சேர்ந்து வயிற்றில் கனமாக உட்காருவதே இங்கே கவனிக்க வேண்டியது. நள்ளிரவு வரை திறந்திருக்கும் கடைகளும் உண்டு. ஆனால் கறி தோசையும் குடல் குழம்பும் சாப்பிட்டுவிட்டு நேராகப் போய்ப் படுப்பது நாற்பதைத் தாண்டிய யாருக்கும் நான் பரிந்துரைக்கக்கூடியதன்று. ஏழு மணிக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்து ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு, சற்று நடப்பதுதான் நல்லது. பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் சேர்ந்த ஜிகர்தண்டா வாய்க்காரத்தை அடக்குவதில் எந்தக் குளிர்பானத்தையும்விடச் சிறப்பாக வேலை செய்கிறது. அதற்குக் காரணம் பாலில் உள்ள கேசீன்தான்.

இறைச்சியின் எல்லாப் பாகங்களையும் விரும்பிச் சாப்பிடும் நண்பர் குழுவுக்கு மதுரைக் கடையைவிட உகந்த இடம் கிடையாது. சைவக்காரர் ஒருவர் இருந்தாலும் அங்கே போக வேண்டாம். அவருக்குத் தோசையும் சட்னியும் தவிர வேறொன்றும் கிடைக்காது, அதையும் கறி வெந்த கல்லிலேயே வார்ப்பார்கள்.

திண்டுக்கல் பிரியாணிக் கடைகளையும் கேரளத்து மீன் கறிக் கடைகளையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. சீரகச் சம்பா பிரியாணி ஒரே பாத்திரத்து உணவு. அங்கே போகிறவருக்குத் தேர்வு என்பதே இல்லை, பிடித்தால் போகலாம். குடம்புளி போட்ட கோட்டயத்து மீன் கறியும் மரவள்ளிக் கிழங்கும் எனக்கு மிகவும் பிடித்தவை என்றாலும், தேங்காய் எண்ணெயின் மணம் பழகாத குடும்பத்தில் அது காரத்தைவிடப் பெரிய தடையாக நிற்கும்.

வெளிமாநில விருந்தினரை அழைத்துச் செல்லும்போது தேர்வு மாறும். அவர்களில் பலர் செட்டிநாடு என்ற பெயரைக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள், எனவே அங்கேயே அழைத்துப் போகலாம். ஆனால் முதலில் குழிப்பணியாரமும் இடியாப்பமும் வரவழைத்து, மிளகு வறுவலை இரண்டாவதாகக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் முதல் கவளமே மிளகாயாக அமைந்தால் அதன்பின் எந்தச் சுவையும் அவர்களுக்குத் தெரியாது. ஆந்திர மெஸ்ஸுக்கு அழைத்துச் சென்றால் பக்கத்தில் அமர்ந்து எதை எவ்வளவு பிசைய வேண்டும் என்று காட்டித்தர வேண்டும். இலையோரத்துப் பச்சடியைத் துவையல் என்று நினைத்து ஒரே வாயாக எடுத்துவிடும் ஆபத்து உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பாட்டியும் பேரனும் உட்பட எட்டுப் பேர், அவர்களில் இருவர் சைவம், செலவும் ஓரளவு கணக்கில் இருக்க வேண்டும் என்றால், கடலோர ஆந்திரச் சாப்பாடு போடும் மெஸ்ஸுக்குப் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள்; ஒரு மணிக்கு மேல் இடத்துக்குக் காத்திருக்க நேரும், பசியோடு காத்திருந்த வயிற்றில் ஆவக்காய் விழுவது நல்லதன்று. எட்டுப் பேருக்கும் சாப்பாடு, நடுவில் பகிர்ந்துகொள்ள இரண்டு வேப்புடு, ஒரு மீன் புலுசு போதும். நெய்யை முதலிலேயே கேட்டு வாங்குங்கள், தயிரை இரண்டு முறை வாங்குங்கள். அதே எட்டுப் பேர் இரவில் போவதானால் கொங்கு உணவகம். பள்ளிபாளையம் சிக்கன் ஒன்றைக் காரமாகவும் இன்னொன்றை மிளகாய் குறைத்தும் செய்யச் சொல்லலாம். கணவனும் மனைவியும் மட்டும், வேலைநாளின் மாலையில், அவசரமில்லாமல் சாப்பிட வேண்டுமென்றால் மசாலா அரைக்கிற செட்டிநாட்டு உணவகத்தைத் தேடிப் போங்கள். அது வீட்டிலிருந்து தொலைவில் இருந்தாலும் பக்கத்துத் தெருவில் செட்டிநாடு என்று பலகை மட்டும் மாட்டிய கடையில் நுழைந்துவிடாதீர்கள்.